புரட்டாதியில் கிணற்றைப் பாருங்கள், பிறகு காணியைப் பேசுவோம்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எட்டுப் பக்கத்தில் எழுதியிருக்கிறார். வயது 51. பிறந்தது யாழ்ப்பாணத்து உடுப்பிட்டிப் பக்கம். 1990இல் சாதாரணதரப் பரீட்சையோடு கொழும்புக்குப் போனவர், அதன்பிறகு ஊருக்கு வந்ததெல்லாம் திருவிழாவுக்கும் செத்தவீட்டுக்கும்தான். 2022இல் கேஸ் சிலிண்டருக்காக நாலு நாள் வரிசையில் நின்றபோது ஒரு முடிவெடுத்தாராம்: "இனி எந்தச் சாமானுக்கும் ஒருவரையும் எதிர்பார்க்காமல் இருக்கவேண்டும்." ஊர்ப்பக்கம் காணி வாங்கித் தன்னிறைவாக வாழ்வதுதான் திட்டம். கணவருக்கு 58 வயது. இருதயத்தில் ஸ்டென்ற் வைத்தவர், இரண்டு வருடத்தில் ஓய்வு. அவருக்கு இந்த யோசனையில் அரை மனதுதான். ஒரே மகன் ரொறன்ரோவில், கனடாக் குடியுரிமை எடுத்துவிட்டார்.

வெளிநாட்டு வழிகாட்டி ஒன்றைப் பார்த்து, ஒரு பிரதேசம் தன்னிறைவு வாழ்க்கைக்கு ஏற்றதா என்று அளக்கும் புள்ளி அட்டவணை ஒன்று தயாரித்திருக்கிறார். நூறு புள்ளியில் சனம் குறைவாக இருப்பதற்கு 30, பிரதான வீதியிலிருந்து தள்ளி இருப்பதற்கு 20, காணி விலைக்கு 20, மண்ணுக்கு 15, தண்ணீருக்கு 10, வைத்தியசாலைக்கு 5. கணக்குப் பார்த்ததில் நெடுந்தீவு 81, வடமராட்சி கிழக்கு 74, தென்மராட்சியில் வரணி 66, வலிகாமத்தில் ஏழாலை 43.

இதற்கிடையில் தரகர் ஒருவர் வரணிப் பக்கம் 22 பரப்புக் (16 பரப்பு ஒரு ஏக்கர்) காட்டியிருக்கிறார். 8 பரப்பு மேட்டுக்காணி, 14 பரப்பு வயல், கிணற்றில் எட்டில் ஒரு பங்கு. உரிமையாளர் லண்டனில் இருக்கிறார், அற்றோணித் தத்துவம் (அவர் சார்பில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) வைத்திருக்கும் உறவினர்தான் விற்கிறார். மாத முடிவுக்குள் அச்சாரம் கொடுக்கட்டாம். எங்கே வாங்குவது, காணி உறுதியை மகன் பெயரில் எழுதலாமா, அச்சாரம் கொடுக்கலாமா என்பவை அவரது மூன்று கேள்விகள்.

என்னை "சட்டத்தரணி அக்கா" என்று விளித்திருக்கிறீர்கள், ஆகவே தங்கச்சி என்றே சொல்கிறேன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: அச்சாரம் இப்போது கொடுக்க வேண்டாம். மகன் பெயரில் இன்றைய நிலையில் எழுதவும் முடியாது. எங்கே வாங்குவது என்பதற்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டும்.

உங்கள் அட்டவணை தலைகீழாக நிற்கிறது

பெரிய ஆறும் காடும் உள்ள, பக்கத்து வீடே சில மைல் தள்ளியிருக்கும் ஒரு நாட்டுக்கு அந்த அட்டவணை சரியாக இருக்கலாம். நமது குடாநாட்டில் ஆறே இல்லை. வழுக்கையாறு என்று பெயருக்கு ஒன்று இருக்கிறது. மாரியில் ஓடும், கோடையில் அதற்குள் கிறிக்கெட் விளையாடலாம். வருடத்துக்குச் சராசரி 1,250 மில்லிமீற்றர் அளவில் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையில் கொட்டித் தீர்ந்துவிடும். அது சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கீழேயுள்ள உப்புத் தண்ணீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நாம் குடிப்பதும் இறைப்பதும் அந்த வில்லையைத்தான். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலநீர்க்காரர் சொல்லும் கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள்: மேலே ஒரு அடியை இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உவர் 40 அடி ஏறப்பார்க்கும். குழாய்க்கிணறு அடித்து ஆழத்திலிருந்து எடுக்கப் போகிறேன் என்று நீங்கள் எழுதியது இதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே ஆழம் போகப் போகக் கிடைப்பது பெரும்பாலும் கடல்தான்.

ஆகவே தண்ணீருக்குப் பத்துப் புள்ளி போட்டது முதற்பிழை. வைத்தியசாலைக்கு ஐந்து போட்டது அடுத்தது.

நெடுந்தீவை முதலில் எடுத்துவிடுங்கள். கற்வேலியும் குதிரையும் பார்க்க அழகுதான். ஆனால் மண் மெலிவு, நல்ல தண்ணீர் தீவின் சில பக்கங்களில் மட்டும். குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணித்தியாலம் அளவில் பிடிக்கும், கடல் கொந்தளித்தால் அன்றைக்குப் படகில்லை. இரவில் உங்கள் கணவருக்கு நெஞ்சு வலித்தால் அவசரப் படகு வந்து, கரையேறி, அங்கிருந்து யாழ்ப்பாணம் போய்ச் சேரவேண்டும். 81 புள்ளி எடுத்த ஊர் அந்த ஒரு இரவில் பூச்சியமாகிவிடும்.

வடமராட்சி கிழக்கில் மணலுக்குள் இறங்கிய மழை ஆழமில்லாத கிணற்றில் நல்ல தண்ணீராகக் கிடைப்பது உண்மை. ஆனால் 2004 டிசம்பர் 26இல் கடல் உள்ளே வந்த கரை அது, கிணறுகளும் உப்பாகிப் போயின. நீங்கள் குறித்திருக்கும் துண்டு கரையிலிருந்து எத்தனை மீற்றர் என்று கடிதத்தில் இல்லை. தாளையடியில் நாளுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. வீட்டுக்கு வீடு கிணறு உள்ள குடாநாட்டுக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டதையும் உங்கள் அட்டவணையில் ஒரு வரியாகச் சேருங்கள்.

ஏழாலைக்கு 43 என்பது அநியாயம். அந்தச் செம்மண்ணில் வெங்காயம், மரவள்ளி, வாழை எல்லாம் வரும். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை கிட்ட. குறை வேறு இடத்தில் இருக்கிறது. பல தலைமுறையாக உரம் போட்டு இறைத்த மண், நெருக்கமான வீடுகள், வீட்டுக்கு ஒரு மலசலகூடக் குழி. சுண்ணாம்புக்கல் எதையும் வடிகட்டாது, எல்லாம் கிணற்றுக்கே போய்ச் சேரும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருந்தால் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீர் கூடாது. "கொதிக்கவைத்துக் குடிப்போம்" என்று எழுதியிருக்கிறீர்கள். கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்றோ தண்ணீர் வற்ற வற்றச் செறியும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்புச் சொன்னது. வலிகாமத்தில் வாங்குபவர் எவரும் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்காமல் உறுதியில் கையெழுத்து வைக்கக்கூடாது.

மிச்சம் வரணி. தென்மராட்சியில் வயலும் மேடும் அருகருகே கிடைக்கும். தென்னை, பனை, பலா, மா எல்லாம் உண்டு. சாவகச்சேரியில் ஆதார வைத்தியசாலை, கொடிகாமத்தில் ஏ-9 வீதியும் ரயிலும். என் சொந்த விருப்பமும் அந்தப் பக்கந்தான். ஆனால் கடலேரிக் கரையை அண்டினால் உவர் உண்டு. எழுதுமட்டுவாள், நாகர்கோவில், கிளாலிப் பக்கங்களில் மலிவாகப் பற்றைக்காணி காட்டினால், அது போர் முன்னரங்காக இருந்த இடமா, கண்ணிவெடி அகற்றிக் கையளித்த இடமா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். "ஆடு மேய்கிறது தானே" என்று தரகர் சொல்வது அத்தாட்சியாகாது.

சனம் குறைவாக இருந்தால் பாதுகாப்பு என்ற உங்கள் எண்ணத்துக்கு வருகிறேன். நீங்கள் 1990இல் போய்விட்டீர்கள், அதற்குப் பிறகு போரில் நடந்ததை நாங்கள் இருந்து பார்த்தோம். மின்சாரமில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத்திரி வைத்து, சொட்டு மண்ணெண்ணெயில் படித்தோம். மோட்டார் சைக்கிளை நாலு துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினோம். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து மழைக்குள் நடந்து தென்மராட்சிக்கு வந்தபோது, சாவகச்சேரிக்குக் கிட்ட எங்கள் மாமி வீட்டில் அறுபது பேர் இருந்தோம். முன்பின் தெரியாதவர்களே பாதி. கிணற்றில் ஒரு கப்பி, ஒரு வாளி. விடிய நாலு மணிக்குக் கயிறு இழுபடும் சத்தம் தொடங்கினால் இரவு பத்து வரை நிற்காது. மூன்றாம் நாள் மத்தியானம் வாளி அடியில் இடித்துச் சேறாக வந்தது. பக்கத்து வீட்டு ஐயா வேலியில் ரெண்டு கதியாலைப் பிடுங்கி வழிவிட்டு, "பின்னேரத்துக்கு எங்கட கிணத்திலை அள்ளுங்கோ, இது ஊறட்டும்" என்றார். மாமியின் கிணறு தப்பியது வேலியில் விட்ட அந்த வழியால், அந்தப் பொட்டால்தான். உங்கள் திட்டத்தில் ஆறடி மதில் இருக்கிறது, பொட்டு வைக்க இடமில்லை.

கிணற்றில் எத்தனை பங்கு

தரகர் காட்டிய காணியில் உங்களை உறுத்தவேண்டியது அந்த எட்டில் ஒரு பங்குதான். நீங்கள் அதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். பங்குக்கிணறு என்றால் தோட்டத்துக்கு இறைப்பு முறைவைத்து வரும். எட்டில் ஒன்று என்றால் எட்டு நாளைக்கு ஒரு முறை. வெங்காயமும் மிளகாயும் மூன்று நாலு நாளைக்கு ஒரு தண்ணீர் கேட்கும். மற்ற ஏழு பங்கும் யார் கையில், அவர்களில் எத்தனை பேர் இப்போது இறைக்கிறார்கள், எத்தனை பேர் வெளிநாட்டில் என்று விசாரியுங்கள். இன்றைக்கு ஒருவர்தான் இறைக்கிறார், ஆகவே தண்ணீர் தாராளம் என்பார்கள். நாளைக்கு மற்ற ஆறு பேரும் காணியை விற்றால் ஏழு இறைப்பு மிசின் வந்து நிற்கும். மற்றப் பங்காளர் சம்மதமில்லாமல் கிணற்றை ஆழமாக்கவோ பெரிய மோட்டார் பூட்டவோ வெளிக்கிட்டால் வழக்குக்கு வழி.

என்னிடம் வந்த ஒருவருடைய உறுதியில் "கிணற்றிற் பன்னிரண்டில் ஒரு பங்கும் வழி வாய்க்கால் உரிமையும்" என்று தெளிவாக இருந்தது. கிணறும் இருந்தது. வாய்க்கால் போகவேண்டிய இடத்தில் இன்னொருவர் சீமெந்து மதில் கட்டி மூன்று வருடம். உரிமை எங்கள் பக்கம்தான், வழக்கும் வென்றோம். அதற்கு நாலு வருடம் பிடித்தது, அவருடைய மிளகாய்க் கன்று நாலு நாள்கூடப் பொறுக்கவில்லை. ஆகவே உறுதியை வாசித்தால் போதாது. நில அளவையாளரோடு நின்று கிணற்றிலிருந்து உங்கள் எல்லை வரை வாய்க்கால் வழியே நடந்து பாருங்கள்.

சொந்தக் கிணறு வெட்டலாம், தடையில்லை. பழைய கிணறு நன்னீர் என்பதற்காகப் புதியதும் நன்னீராக வரும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது.

உறுதி, பெயர், கையெழுத்து

மகன் இரட்டைக் குடியுரிமை எடுக்காத கனடாப் பிரசை என்றால் அவர் பெயரில் இங்கே காணி வாங்க 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது. இரட்டைக் குடியுரிமை எடுத்தால் அந்தத் தடை இல்லை. எடுக்காவிட்டாலும் உங்கள் காலத்துக்குப் பின் முதுசமாக அவருக்குப் போவதைச் சட்டம் மறிக்கவில்லை. ஆகவே அவசரப்பட்டு வேறு உறவினர் பெயரில் "சும்மா எழுதிவைக்க" வேண்டாம். அப்படி எழுதியவர்களின் கண்ணீர்தான் என் அலுமாரியில் பாதிக் கோப்பு.

உங்கள் பெயரில் எழுதினால்? "என் சேமிப்பு, என் காணி, அவருக்குப் பிடிக்காவிட்டால் பரவாயில்லை" என்ற தொனி கடிதத்தில் தெரிகிறது. நீங்கள் இருவரும் தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு, உட்பட்டவர்கள். திருமண காலத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கும் காணி, யார் பெயரில் இருந்தாலும் பொதுவாகத் தேடியதேட்டம், அதாவது மணவாழ்க்கையில் தேடிய சொத்துத்தான், அதில் அவருக்கும் பங்குண்டு. சீதனப் பணத்தில் வாங்கியது என்றால் கதை வேறு, அதற்கு ஆதாரம் வேண்டும். அத்துடன் மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்ற விதி 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் இன்றைக்கும் இருக்கிறது. எனக்கு அந்த விதி பிடிக்காது. பிடிக்காத விதியும் விதிதான். அரை மனதுக்காரரை முழு மனதாக்காமல் இந்தக் காரியத்தில் இறங்காதீர்கள்.

விற்பவர் பக்கம் பார்க்கவேண்டியவை:

அற்றோணித் தத்துவம். கொடுத்தவர் இறந்த கணமே அது செல்லாக்காசு. லண்டன்காரரோடு முகம் பார்த்துப் பேசுங்கள். தத்துவத்தில் விற்கும் அதிகாரம் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறதா, முறைப்படி பதிந்ததா என்று மூலப்பிரதியைப் பார்க்கவேண்டும்.

கூட்டுரிமை. உறுதியில் "பிரிபடாத பங்கு" என்ற சொல் இருந்தால் நிறுத்துங்கள். தேசவழமைப்படி மற்றப் பங்காளருக்கு முன்வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவிக்காமல் வெளியாளுக்கு விற்றால் அவர்கள் நீதிமன்றம் போகலாம்.

வயல். அந்த 14 பரப்பில் மூன்றை நிரவி வீடு கட்டும் யோசனையை விடுங்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியில்லாமல் நெற்காணியை நிரவ முடியாது. வீடு மேட்டில் கட்டுங்கள். மழைகாலத்தில் வெள்ளம் எதுவரை வரும் என்று அயலில் கேட்டுக் கட்டுங்கள். 2008இல் நிஷா, 2020இல் புரெவி என்று இரண்டு புயல் மழையையும் பார்த்தவர்கள் சுவரில் கைவைத்தே காட்டுவார்கள்.

களஞ்சியக் கணக்கு

காணியை வெட்டவெளியாக்க நீங்கள் தறிக்க நினைக்கும் அந்த முப்பது பனையைத் தொடாதீர்கள். பெண்பனை தறிக்க அனுமதி வேண்டும் என்பது ஒருபுறம். நீங்கள் பட்டியலிட்டிருக்கும் தகரத்தில் அடைத்த வெளிநாட்டு உணவின் வேலையை பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியலும், அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும், பனம்பழப் பினாட்டும் செய்யும். காய்ந்த ஒடியல் பானைக்குள் மாதக்கணக்கில் கிடக்கும். பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்களைத் தாங்கியதில் அதற்கும் பங்குண்டு.

நெல்லுக்கு 14 பரப்புத் தாராளம். இரண்டு பேருக்கு வருடத்துக்கு 200 கிலோ அரிசி என்று வையுங்கள், முந்நூறு கிலோவுக்கு மேல் நெல் வேண்டும். ஏக்கருக்கு, அதாவது 16 பரப்புக்கு, ஆயிரம் கிலோ என்று அடக்கமாகக் கணக்கிட்டாலும் ஐந்தாறு பரப்பில் அது வரும். ஆனால் நமக்குக் காலபோகம் ஒன்றுதான், மழையை நம்பியது. தையில் அரிவு வெட்டும் நேரத்தில் மழை பெய்தால் கதிரோடு முளைக்கும். ஒரு வருட நெல்லைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு அடுத்ததை விதையுங்கள். மொட்டைக்கறுப்பன் நெல் விதை அயலில் கேட்டால் கிடைக்கும்.

குடிநீருக்குக் கூரையைப் பாருங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு வருடம் விழும் மழையில் வழிந்தோடுவது போக 90,000 லீற்றர் அளவில் பிடிக்கலாம். இருவர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்குப் பத்து லீற்றர் என்றால், மழையில்லாத ஒன்பது மாதத்துக்கு 2,700 லீற்றர் போதும். மூடிய 5,000 லீற்றர்த் தொட்டி ஒன்று உங்கள் சோலரைவிட முக்கியம்.

சோலரைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம். பொது மின்சாரக் கம்பியோடு இணைத்த சாதாரண சோலர், கம்பியில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். திருத்தவேலை செய்பவருக்கு மின்சாரம் தாக்காமலிருக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். 2022 மார்ச்சில் 13 மணித்தியாலம் வெட்டியபோதும், 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறையில் ஒரு குரங்கு நாட்டையே இருட்டாக்கியபோதும் கூரை நிறையத் தகடு வைத்தவர்கள் மெழுகுதிரி தேடினார்கள். பற்றறியும் அதற்கேற்ற இன்வேட்டரும் வேண்டும். அதுவும் பழுதானால் கிணற்றுக்கு மேல் ஒரு கப்பி.

200 லீற்றர்ப் பீப்பாயில் பெற்றோல் சேமிக்கும் பந்தியை முழுவதுமாக வெட்டிவிடுங்கள். அனுமதியில்லாமல் எரிபொருள் சேர்த்தவர்களை 2022இல் பொலிஸார் பிடித்து வழக்குப் போட்டார்கள், அதில் இரண்டு பேருக்கு நான்தான் ஆஜரானேன்.

இனிச் செய்யவேண்டியது. தரகர் அவசரப்படுத்துவார். மாரியில் காட்டினால் யாழ்ப்பாணத்தில் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். புரட்டாதியில், முதல் மழைக்கு முன், கணவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கிணற்றில் மிசின் போட்டு இரண்டு மணித்தியாலம் இறைக்கச் சொல்லுங்கள். தொடக்கத்தில் ஒரு போத்தல், முடிவில் ஒரு போத்தல் எடுத்து இரண்டையும் சோதனைக்குக் கொடுங்கள். நின்றபின் தண்ணீர் பழைய மட்டத்துக்கு ஊற எத்தனை நேரம் என்று மணிக்கூட்டில் பாருங்கள். அந்த நேரத்தில் எட்டிப் பார்க்க வரும் அயலவரோடு தேத்தண்ணி குடித்துப் பேசுங்கள், வேலியில் பொட்டு இருந்ததா என்றும் கேளுங்கள். ஒருவரும் எட்டிப் பார்க்காவிட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். உறுதியின் பிரதியை இப்போதே அனுப்பினால் காணிப் பதிவகத்தில் 30 வருட ஏட்டை அதற்குள் புரட்டிப் பார்த்துவைக்கிறேன்.